மாலை நான்கு மணிக்கு மேல் எரிச்சலும் அவநம்பிக்கையும்: சாப்பாட்டில் எதை முதலில் மாற்றுவது?

மாலைச்சாரல்:

வணக்கம். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. காலையில் தெளிவாக இருக்கும் மனசு, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் போனதும் மங்க ஆரம்பிக்கிறது. நான்கு மணிக்கு மேல் யார் என்ன கேட்டாலும் எரிச்சல். செய்கிற எதுவும் உருப்படாது என்கிற நினைப்பு. கூடவே இனிப்பு வேண்டும் என்று ஒரு தவிப்பு. மறுநாள் காலையில் அதே வேலை அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை.

இப்போதைய சாப்பாடு இதுதான்: காலையில் காபி, இரண்டு பிஸ்கட். பதினொரு மணிக்கு டீ. மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் காய். ஐந்து மணிக்கு டீ, இனிப்போ வறுவலோ ஏதாவது. இரவு ஒன்பதரைக்கு வயிறு நிறைய. படுக்கப் பன்னிரண்டு ஆகும், ஆறு மணிக்கு எழ வேண்டும். காபி, டீ எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எடை 60 கிலோ. சர்க்கரை நோய் இல்லை, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.

எதை முதலில் மாற்றுவது? "பாசிட்டிவா யோசி" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதை நடைமுறையில் எப்படிச் செய்வது? கடுமையான டயட் வேண்டாம், பாதியில் விட்டுப்போகாத மாதிரி சொல்லுங்கள்.

தட்டுக்கணக்கு:

மதியத் தட்டிலிருந்து தொடங்குங்கள் சகோ. மற்றதையெல்லாம் இப்போதைக்கு அப்படியே விடலாம்.

உங்கள் எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 48 கிராம் புரதம் தேவை (கிலோவுக்கு 0.8 கிராம் என்ற கணக்கு). நீங்கள் எழுதியிருப்பதைக் கூட்டிப் பாருங்கள். பிஸ்கட்டும் காபிப் பாலும் சேர்த்து 4 கிராம் வந்தால் அதிகம். வேகவைத்த சோறு 300 கிராம் என்று வைத்தால் அதில் புரதம் 8 கிராம், மாவுச்சத்து 80 கிராமுக்கு மேல். ஆக மாலை வரைக்கும் உடம்புக்குப் போனது சுமார் 12 கிராம் புரதம், மிச்சம் முழுக்க சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாகிற மாவு. அது ரத்தத்தில் வேகமாக ஏறும், இன்சுலின் வந்து வேகமாக இறக்கும். ஆரோக்கியமானவருக்கு அது ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. ஆனால் சாப்பிடும் முன் இருந்த அளவுக்கும் கீழே போகிறவர்கள் உண்டு. அப்படிப் போகும் நாளில் அடுத்த பசி சீக்கிரம் வரும், தெம்பும் குறையும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் இது நடக்கும் என்பதால் நீங்கள் சொல்கிற நேரத்தோடு பொருந்துகிறது.

தட்டை இப்படி மாற்றுங்கள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு புரதம், கால் தட்டு சோறு. கிராமில் சொன்னால் சமைத்த காய் 150 முதல் 200, வேகவைத்த சோறு 150, வெந்த பயறு அல்லது கடலை 150, தயிர் 150. இதில் புரதம் 22 கிராம் வந்துவிடும். அசைவம் உண்டென்றால் பயறுக்குப் பதில் மூன்று முட்டை அல்லது 100 கிராம் மீன். ஒரு வாரம் மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கண் அளவே போதும்.

இந்த இடத்தில் வழக்கமாக நடக்கிற தவறு ஒன்று. பருப்பு சாப்பிட்டேன் என்று பலர் கணக்கில் வைப்பது நீர்க்கக் கரைத்த பருப்புத் தண்ணீரை. கரண்டியில் அள்ளினால் அடியில் பருப்பு கெட்டியாகத் தங்க வேண்டும். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதும் அதே மாதிரிதான். ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் கிழங்கு வகைகள் சேராது.

சாப்பிடுகிற வரிசையும் உதவும். முதலில் காய், அடுத்து புரதம், கடைசியில் சோறு. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரையின் உச்சம் தணியும். எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவருக்கு இது கஷ்டமாக இருக்கலாம். அப்படியானால் பாதிக் காயை மட்டும் முதலில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு மற்றதைப் பிசைந்துகொள்ளுங்கள். முடித்ததும் 10 அல்லது 15 நிமிடம் நடை. வேகமாக நடக்க வேண்டியதில்லை. கால் தசைகள் இயங்கும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும். நடையை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் உச்சம் கடந்துவிடும், பலன் குறையும்.

சிற்றுண்டியை ஐந்து மணியிலிருந்து மூன்றேகாலுக்கு முன்னே கொண்டு வாருங்கள். தவிப்பு வந்தபின் தேடினால் கை இனிப்புக்குத்தான் போகும். வறுத்த வேர்க்கடலை 30 கிராம், ஒரு பழம் போதும். கடலையில் மட்டும் 7 கிராம் புரதம் இருக்கிறது. பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிட்டால் 30 கிராம் 90 கிராம் ஆகிவிடும், அதனால் காலையிலேயே சின்ன டப்பாவில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

கடிகாரமுள்:

தட்டுக்கணக்கு சொன்ன அளவுகள் சரியானவை. ஆனால் மற்றதை அப்படியே விடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. மாலைச்சாரலின் நான்கு மணிச் சிக்கல் முந்தின இரவு ஒன்பதரைக்கே தொடங்கிவிடுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுப் பன்னிரண்டுக்குப் படுத்தால் ஆறு மணிக்குப் பசி எங்கிருந்து வரும்? அதனால்தான் காபியும் பிஸ்கட்டும்.

தூக்கம் ஆறு மணி நேரம் என்பது குறைவு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்கிற லெப்டின் குறையும், இனிப்பு மேல் ஆசை வரும். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை உடல் கடிகாரமே கொஞ்சம் இறங்குகிற நேரம். மதியம் எதுவும் சாப்பிடாவிட்டாலும் இந்த இறக்கம் இருக்கும். தூங்காதவருக்கு அது பள்ளமாகிவிடும். ஆகவே நான்கு மணி மந்தத்தில் ஒரு பங்கு இயற்கை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாவற்றையும் தட்டில் சரிசெய்துவிட முடியாது.

இப்போது டீ. காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஐந்து மணிக்குக் குடித்த டீயில் 45 மில்லிகிராம் இருந்தால் இரவு பத்துக்கு அதில் பாதி ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். "டீ குடித்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறது" என்று சொல்கிறவருக்கும் ஆழ்ந்த தூக்கத்தின் அளவு குறையலாம். பகலில் மூளையில் சேர்கிற அடினோசின் என்ற வேதிப்பொருள்தான் தூக்கக் களைப்பைத் தருகிறது. காஃபீன் அந்தக் களைப்பைப் போக்குவதில்லை, அது மூளைக்குத் தெரியாமல் மறைக்கத்தான் செய்கிறது. மறைப்பு விலகினால் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

உங்களுக்குக் கடைசி டீ மதியம் இரண்டு மணிக்கு. ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் அடுத்த நாளே தலைவலியும் எரிச்சலும் வரும், ஒரு வாரம்கூட நீடிக்கும். "டீயை விட்டதால்தான் இந்த நிலை" என்று திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். மாலை டீயைக் கால் கப், கால் கப்பாக மூன்று நாளுக்கு ஒரு முறை குறையுங்கள்.

சர்க்கரை: மூன்று கோப்பை, ஆறு ஸ்பூன், 24 கிராம். சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். பிஸ்கட்டையும் ஐந்து மணி இனிப்பையும் எண்ணுவதற்கு முன்பே அளவு முடிந்துவிடுகிறது. வாரம் அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு நகர்த்த முடியுமா பாருங்கள். முடியாத வேலை என்றால் இரண்டாகப் பிரியுங்கள். ஆறரைக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒன்பதரைக்குப் பாதி அளவுச் சாப்பாடு. படுக்கும் நேரத்தை நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே இழுங்கள். ஒரேயடியாக பதினொன்றுக்குப் படுத்தால் ஒரு மணி நேரம் விழித்துக் கிடப்பீர்கள், படுக்கையே பதற்றமாகிவிடும். எழுகிற நேரத்தை மட்டும் விடுமுறையிலும் மாற்றாதீர்கள்.

நிழல்மரம்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

நான்கு மணிக்கு "உருப்படாது" என்று தோன்றினால் அதோடு வாதாட வேண்டாம். "இல்லை, உருப்படும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதால் களைப்புதான் மிஞ்சும். மறுநாள் காலை அதே வேலை மோசமாகத் தெரிவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்குள் இருக்கிற மிக நல்ல தகவல் அதுதான். மாலையில் வருகிற தீர்ப்பு வேலையைப் பற்றியது இல்லை, அந்த நேரத்து உடம்பைப் பற்றியது. எனவே நான்கு மணிக்கு மேல் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். எண்ணத்தை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் "நாளை காலை 10" என்று போட்டு மூடிவிடுங்கள். காலையில் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் மனசு அந்த ஏற்பாட்டை நம்பாது, இரவு படுக்கையில் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வைக்கும்.

எல்லாம் நன்றாக நடந்துவிட்ட மாதிரி கற்பனை செய்வதைப் பலர் பாசிட்டிவ் சிந்தனை என்று நினைக்கிறார்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியது வேறு. இனிமையான கற்பனையோடு நிறுத்திக்கொண்டால் செய்கிற முனைப்பு குறைகிறது. விரும்புவதையும், அதற்கு உள்ளே இருக்கிற தடையையும் அடுத்தடுத்து யோசித்தவர்கள்தான் செயலில் இறங்கினார்கள். அவர் சொல்கிற முறைக்கு நான்கு படி: என்ன வேண்டும், கிடைத்தால் எப்படி இருக்கும், என்னுள் எது தடுக்கிறது, அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன்.

கடைசிப் படியைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்கிற வடிவத்தில் எழுதச் சொல்கிறார். உங்கள் விஷயத்தில் இப்படி இருக்கலாம்: "நான்கு மணிக்கு மேல் கோபம் வருகிற மின்னஞ்சலைத் திறந்தால், பதிலை வரைவில் எழுதிவைத்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். காலையில் படித்துப் பார்த்து அனுப்புவேன்." இது வேலை செய்வதற்குக் காரணம், என்ன செய்வது என்று யோசிக்கிற சுமையைத் தெம்பாக இருக்கிற நேரத்துக்கு மாற்றிவிடுகிறீர்கள். அந்த நிமிடம் வரும்போது முடிவு ஏற்கெனவே தயாராக இருக்கும்.

பெரும்பாலும் சறுக்குகிற இடங்கள் மூன்று. "எரிச்சல் வந்தால்" என்று பொதுவாக எழுதினால் அது எப்போது வந்தது என்றே தெரியாது. மின்னஞ்சல், தொலைபேசி, ஒரு குறிப்பிட்ட கூட்டம் என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை எழுதுங்கள். "கத்த மாட்டேன்" என்பது திட்டமில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்வேன் என்று இருக்க வேண்டும். பிறகு, ஒரே நேரத்தில் ஐந்து திட்டம் எழுதாதீர்கள். ஒன்று பழகியபின் அடுத்தது.

நன்றிக் குறிப்பு எழுதுவது பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வாரம் இரவுதோறும் மூன்று நல்ல விஷயங்களையும் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதச் சொன்னார்கள். காரணம் எழுதுவதை விட்டுவிட்டால் அது வெறும் பட்டியல். "நல்ல நாள்" என்று எழுதுவதில் ஒன்றும் இல்லை. "மூன்று மணிக் கூட்டம் சண்டையில்லாமல் முடிந்தது, ஏனென்றால் கேள்விகளை முன்னாடியே அனுப்பியிருந்தேன்" என்று எழுதினால் நாளைக்கும் செய்யக்கூடிய ஒன்று கையில் கிடைக்கிறது. தினமும் எழுதிச் சலித்துப்போனால் வாரம் ஒருமுறை எழுதுங்கள், அதுவும் போதும்.

மாலைச்சாரல்:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இன்னும் சில கேள்விகள். காலையில் தனியாகச் சமைக்க நேரமில்லை, பயறு கடலையெல்லாம் எப்படித் தயாராக வைத்துக்கொள்வது? அவை எனக்கு வாயுத் தொல்லை தரும். மகிழ்ச்சி ஹார்மோன் செரடோனின் குடலில்தான் சுரக்கிறது, அதனால் வாழைப்பழம் சாப்பிடு என்கிறார்களே, உண்மையா? வைட்டமின் மாத்திரை ஏதாவது வேண்டுமா?

அடுப்படி:

சமையல் பக்கத்தை நான் சொல்கிறேன்.

காய்ந்த கொண்டைக்கடலை 200 கிராம் எடுத்தால் வெந்தபின் 450 கிராம் வரும். மூன்று மதியத்துக்குச் சரி. நான்கு மடங்கு தண்ணீரில் இரவு ஊற வைங்க, எட்டு மணி நேரமாவது வேணும். வெயில் காலமாக இருந்தால் பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள்ளே வைங்க, வெளியில் நுரைத்துப் புளிச்சிடும். காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, அலசி, புதுத் தண்ணியில் வேக வைக்கணும். வாயு உண்டாக்குகிற சர்க்கரை வகைகள் கொஞ்சம் அந்தத் தண்ணியோடு போயிடும். குக்கரில் அழுத்தம் ஏறினபின் 15 முதல் 20 நிமிஷம். திறந்த பாத்திரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வெந்துடுச்சா என்று பார்க்க ஒரு கடலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைச்சு அழுத்துங்க. தோல் வழுக்கி, உள்ளே வெண்ணெய் மாதிரி நசுங்கணும். நடுவில் மணல் மாதிரி நெருடினால் இன்னும் அஞ்சு நிமிஷம். அரைவேக்காட்டுக் கடலைதான் வயிற்றைப் படுத்தும். எவ்வளவு வேக வைச்சும் மசியலைன்னா கடலை ரொம்பப் பழசு, அல்லது தண்ணி சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணி. ஒரு லிட்டருக்குக் கால் ஸ்பூன் சமையல் சோடா போட்டால் மசியும், அதுக்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும். தக்காளி, எலுமிச்சை, புளி எதுவானாலும் வெந்த பிறகு சேருங்க. புளிப்பு முன்னாடியே விழுந்தால் தோல் இறுகிடும். உப்புப் போட்டால் வேகாது என்பது மட்டும் சரியில்லை, ஊறுகிற தண்ணியில் உப்புப் போட்டால் தோல் இன்னும் மிருதுவாகத்தான் ஆகும்.

வெந்ததைச் சூடாக டப்பாவில் போட்டு மூடாதீங்க. மூடியில் வேர்த்து, சொட்டி, மறுநாளே கெட்டுப்போகும். அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஆற வைச்சு, இரண்டு மணி நேரத்துக்குள் 150 கிராம் டப்பாக்களாகப் பிரிச்சு ஃபிரிட்ஜில் வைங்க. மூணு நாள் நன்றாக இருக்கும். அதுக்கு மேல் வேணும்னா ஃபிரீசரில். காலையில் ஒரு டப்பா எடுத்து, நறுக்கின வெள்ளரியோ கேரட்டோ, கொஞ்சம் எண்ணெய், எலுமிச்சை. அஞ்சு நிமிஷ வேலை. ஃபிரீசரில் வைச்சு விற்கிற பட்டாணி, பீன்ஸ் வாங்கினால் நறுக்கிற வேலையும் இல்லை, சத்தும் பெரிசாகக் குறையாது.

வாயுவுக்கு: முதல் நாளே 150 கிராம் சாப்பிடாதீங்க. இரண்டு மேசைக்கரண்டியில் ஆரம்பிச்சு, மூணு நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு கரண்டி கூட்டுங்க. குடல் பாக்டீரியா பழக இரண்டு மூணு வாரம் பிடிக்கும். உடைத்த பருப்பு வகைகள் முழுப்பயறைவிட லேசு, அதிலிருந்து தொடங்கலாம். அப்பவும் வயிற்று வலி, உப்புசம் நிற்கலைன்னா முட்டை, தயிர், மீன் பக்கம் போங்க. பயறு சாப்பிட்டே ஆகணும் என்று ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கு. ஊற வைத்த தண்ணியைக் கொட்டிட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணியில் குறைஞ்சது பத்து நிமிஷம், முடிஞ்சா அரை மணி நேரம் கொதிக்கணும். மெதுவாகச் சூடாகிற மின்சாரப் பானையில் நேராகப் போட்டால் அந்தச் சூடு போதாது, நச்சு பச்சையில் இருப்பதைவிட அதிகமாகும். வாந்தி, பேதி சில மணி நேரத்திலேயே வரும்.

ஆய்வகத்தாள்:

செரடோனின் பற்றி. உடலிலுள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. அது உண்மை. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைச் செரடோனின் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வாழைப்பழத்தில் செரடோனின் இருக்கிறது, ஆனால் அது மூளைக்குப் போய்ச் சேராது. பழத்தைப் பழத்துக்காகச் சாப்பிடுங்கள்.

அதற்காக உணவுக்கும் மனநிலைக்கும் தொடர்பில்லை என்று அர்த்தமில்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு வெளியிட்ட ஸ்மைல்ஸ் ஆய்வில் மனச்சோர்வு நோய் உள்ள 67 பேர் கலந்துகொண்டார்கள். காய், பழம், முழுத்தானியம், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ள உணவுக்கு ஒரு பிரிவினர் உணவு ஆலோசகர் உதவியோடு மாறினார்கள். மற்றப் பிரிவினருக்குப் பேச்சுத் துணை மட்டும். 12 வாரத்தில் நோய்க்குறி நீங்கியவர்கள் முதல் பிரிவில் 32 சதவீதம், மற்றதில் 8 சதவீதம். சிறிய ஆய்வு, யார் எந்தப் பிரிவு என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும், பலர் சிகிச்சையிலும் இருந்தவர்கள். எனவே மருந்துக்குப் பதில் உணவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சையோடு உணவும் கைகொடுக்கிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

மாத்திரை வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சோர்வுக்கும் எரிச்சலுக்கும் அடிக்கடி பின்னால் இருப்பவை இரும்பு, பி12, தைராய்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் அளவு) குறைந்திருக்கலாம், ஆகவே இரண்டையும் கேளுங்கள். பி12, டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), வைட்டமின் டி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை) ஆகியவற்றையும் சேர்க்கலாம். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. முடி வளர்ச்சிக்கு என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு முடிவு தவறாகக் காட்டும். அசைவமும் பாலும் அறவே தவிர்ப்பவர்களுக்கு பி12 கட்டாயம் வெளியிலிருந்து வேண்டும். இரும்பு மாத்திரையைச் சோதனை இல்லாமல் தொடங்காதீர்கள், அதிகப்படியான இரும்பை வெளியேற்ற உடலுக்கு நல்ல வழி கிடையாது. உணவிலிருந்து இரும்பு சேர வேண்டுமென்றால் டீ, காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், தட்டில் எலுமிச்சை பிழியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனம் வாடியிருப்பதோ, எதிலும் நாட்டமில்லாமல் இருப்பதோ இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள், நாளின் பெரும்பகுதி நீடித்தால் இந்த இழை போதாது, மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் காலை தெளிவாக இருக்கிறது, அது ஆறுதலான விஷயம்.

மாலைச்சாரல்:

ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: இவ்வளவையும் எந்த வரிசையில் தொடங்குவது? நடுவில் ஒரு நாள் தவறினால், விருந்து வந்தால் என்ன செய்வது?

தட்டுக்கணக்கு:

கடிகாரமுள் சொன்னது நியாயம், இரவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் மதியத் தட்டு, மூன்றேகால் சிற்றுண்டி. அடுத்த இரண்டு வாரம் மாலை டீயும் இரவுச் சாப்பாட்டு நேரமும். காலைப் பசி தானாகத் திரும்பியபின் காலையில் இரண்டு முட்டையோ, தயிரும் ஓட்ஸும் பழமுமோ. பசி வராவிட்டால் வற்புறுத்திச் சாப்பிட வேண்டாம், பத்து மணிக்குச் சாப்பிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அளவைக் குறைத்துப் பட்டினி கிடப்பதை மட்டும் செய்யாதீர்கள். 1944–45-ல் ஆன்செல் கீஸ் நடத்திய மினசோட்டா பட்டினி ஆய்வில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் மாதக்கணக்கில் ஏறத்தாழ பாதி உணவில் இருந்தார்கள். எரிச்சல், மனவாட்டம், யாரோடும் பழகப் பிடிக்காமை, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு எல்லாம் வந்தன. மனநிலை சரியாக வேண்டும் என்று தொடங்கிவிட்டுக் கலோரியை வெட்டுவது எதிர்த்திசையில் போவது. எடை குறைப்பு உங்கள் கேள்வியில் இல்லை, அதை இதில் கலக்க வேண்டாம்.

தவறிய நாள் பற்றி: லண்டனில் பிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்க ஆரம்பிப்பதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். 21 நாள் போதும் என்கிற பேச்சை விட்டுவிடுங்கள். இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை. விருந்து நாளில் விருந்தைச் சாப்பிடுங்கள். காயை முதலில், சாப்பிட்டபின் நடை, இந்த இரண்டை மட்டும் விடாமல் பாருங்கள். அன்றைக்கு இரவும் மறுநாள் காலையும் ஈடுகட்டுவதற்காகப் பட்டினி போட்டால் மூன்றாவது நாள் மறுபடி இனிப்புத் தவிப்பில் நிற்பீர்கள்.

பாக்கெட் உணவு பற்றி யாரும் சொல்லவில்லை. கெவின் ஹால் குழு அமெரிக்காவில் 20 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மிகைப் பதப்படுத்திய உணவு கொடுத்த இரண்டு வாரம் அவர்கள், பதப்படுத்தாத உணவு கொடுத்த இரண்டு வாரத்தைவிட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் இரண்டு உணவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் "லோ ஃபேட்", "நார்ச்சத்து சேர்த்தது" என்று உறையில் போட்டிருப்பதை வைத்து பிஸ்கட்டைச் சிற்றுண்டியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடிகாரமுள்:

ஒரு சின்னச் சேர்ப்பு. மாற்றம் தெரிகிறதா என்று நினைவை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், மாலை மனநிலையில் நினைவும் சாய்ந்துதான் இருக்கும். ஒரு தாளில் தினமும் ஐந்து மணிக்கு மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். பக்கத்தில் முந்தின இரவு தூங்கிய மணி நேரம், மதியம் புரதம் இருந்ததா, நடந்தீர்களா, கடைசி டீ எத்தனை மணிக்கு என்று நான்கு கட்டம். எதையும் மாற்றாமல் முதல் நான்கைந்து நாள் எழுதிவிட்டுப் பிறகு தட்டை மாற்றினால்தான் ஒப்பிட முடியும். தினமும் எண்ணைப் பார்த்துக் கவலைப்படாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சராசரி எடுங்கள். மாதவிடாய் உள்ளவர் என்றால் அந்தத் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்த எண்கள் இரண்டு சுழற்சியிலும் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலேயே குவிந்திருந்தால் சிகிச்சையே வேறு, தாளை எடுத்துக்கொண்டு போய் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.